பஞ்சத்தில் பசியாற்றிய பூக்கள்



சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, ஃபஜ்ருக்குப் பின் ஓதவந்த மாணவன் ஒருவன் தன் சட்டைப் பை நிறைய மஞ்சள் பூக்களைக் கொண்டுவந்தான். சர்க்கரை நோய்க்கு ஆவாரம்பூ நல்லது என்று யாரோ சொல்லியிருந்ததால், வீட்டில் இருக்கும் தன் நன்னிக்காகக் கண்மாய்க் கரையோரம் பறித்ததாகச் சொன்னான். அவனுடைய அன்பைப் பாராட்டியவாறே பூக்களைப் பாயில் பரப்பிப் பார்த்தேன். பெரும்பாலானவை ஆவாரம்பூக்கள். அவற்றினிடையே மணிபோல் குவிந்த வடிவில் நான்கைந்து பூக்கள் வேறாக இருந்தன. அவை மஞ்சள் அரளிப் பூக்கள். அரளியின் நஞ்சு இதயத்தையே நிறுத்திவிடக் கூடியது. பூக்கள் முழுவதையும் குழி தோண்டிப் புதைக்கச் செய்து, அவனுடைய கைகளைக் கழுவச் சொல்லி அனுப்பினேன். அல்ஹம்துலில்லாஹ், அவை அடுப்படி வரை செல்லவில்லை.

அந்தப் பிள்ளையைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு அந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. இதே ஆர்.எஸ்.மங்கலத்தில் எண்பது ஆண்டுகளுக்கு முன் ஏழு வயதுச் சிறுமிக்கும் அந்த வேறுபாடு தெரிந்திருந்தது. தெரியாமல் அன்று உயிர் வாழ முடியாது. காட்டுப் பூக்களைப் பறித்துச் சமைத்து உண்ட அந்த மக்களின் வரலாற்றையும், அதில் நம் மார்க்கம் காட்டும் வழியையும் இங்கே சுருக்கமாகப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

கண்மாய் ஊரின் உணவு

பாண்டிய மன்னர் இராசசிம்மனின் பெயரைத் தாங்கிய ராஜசிங்கமங்கலம் என்பதே ஆர்.எஸ்.மங்கலம். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று மக்கள் வழங்கும் பெருங்கண்மாய் நம்முடையது. ஆயினும் இராமநாதபுரம் சீமை மழையை நம்பிய சீமை. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் மடைகள் எத்தனை இருந்தும் பயனில்லை. ஆகவே இம்மண்ணின் முன்னோர், வயல் தரும் உணவோடு வயலுக்கு வெளியே விளையும் உணவையும் அறிந்து வைத்திருந்தார்கள்.

இவ்வறிவு மிகப் பழமையானது. சங்க இலக்கியத்தில் இருப்பை என்று பேசப்படும் இலுப்பை மரத்தின் பூவைக் கரடிகள் விரும்பித் தின்னும் காட்சி பல பாடல்களில் வருகிறது. புறநானூற்றின் 248ஆம் பாடலில் கணவனை இழந்த பெண்ணொருத்தி ஆம்பலைப் பார்த்து வருந்துகிறாள். இளமையில் அவளுக்குத் தழையாடையாக இருந்த அந்த ஆம்பலின் விதை, கைம்மைக் காலத்தில் அவளுக்கு உணவாகிவிட்டது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய துயரம் அது. ஆனால் ஆம்பல் விதையை உணவாக்கும் வழக்கம் சென்ற நூற்றாண்டு வரை நம் கண்மாய்க் கரைகளில் இருந்தது. அல்லிக் காய் நீருக்குள் முற்றும். அதைப் பறித்து, அழுகவிட்டு, கடுகளவான விதைகளை அலசி எடுத்து, உலர்த்தி இடித்துக் கஞ்சி காய்ச்சுவார்கள்.

இலுப்பைப் பூ இரவில் மலர்ந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். சதைப்பற்றான அந்தப் பூவை உலர்த்தினால் அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்னும் பழமொழியை இன்று ஏளனமாகப் பயன்படுத்துகிறோம். கரும்பாலை இல்லாத ஊரில் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்த மரத்தைப் பற்றிய செய்தி அதற்குள் இருக்கிறது. உலர்ந்த பூவை வறுத்து, எள்ளோடு சேர்த்து இடித்து உருண்டை பிடித்தால் பல நாள் கெடாது.

வேப்பம்பூவைப் பறிக்க வேண்டியதில்லை. பங்குனி, சித்திரையில் மரத்தடியில் துணியை விரித்துவைத்தால் காலையில் பூ நிறைந்திருக்கும். நிழலில் உலர்த்திப் பானையில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுதும் ரசத்துக்கு ஆகும். ஆவாரை இவை எல்லாவற்றையும்விடக் கடினமான செடி. மழையில்லாத செம்மண்ணிலும் களரிலும் தழைத்து, மாடும் அதிகம் மேயாமல் விடுவதால் பஞ்ச காலத்திலும் பூத்து நிற்கும். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று முன்னோர் சொன்னதை இன்று மருந்துக்கான விளம்பரமாக எடுத்துக்கொள்கிறோம். பஞ்சத்தை நேரில் கண்டவர்களின் செவியில் அந்தச் சொல் வேறு பொருளிலும் ஒலித்திருக்கும்.

தாது வருடமும் ஒரு ராத்தல் தானியமும்

1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. அது தமிழ் ஆண்டுக் கணக்கில் தாது வருடம். 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் தென்னிந்தியாவை உள்ளடக்கிய பகுதிகளில் அரை கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே காலத்தில் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது.

1877இன் தொடக்கத்தில் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓர் அணாவும் கூலியாகப் போதும் என்று முடிவு செய்தார். ஒரு ராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். உழைக்கும் மனிதனுக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களுக்குப் பின்னரே கூலி உயர்த்தப்பட்டது. அந்த ஒரு ராத்தலுக்கும் உயிர் வாழத் தேவையான அளவுக்கும் இடையே இருந்த பள்ளத்தை மக்கள் கீரையாலும் கிழங்காலும் பூவாலும் நிரப்பப் பார்த்தார்கள். நிரப்ப முடியாதவர்கள் இறந்தார்கள், அல்லது இராமநாதபுரக் கடற்கரை வழியே இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காட்டுப் பூ பஞ்சத்தைத் தீர்க்கவில்லை. பூவில் அரிசியின் வலு கிடையாது. இரண்டு நாள் பசியைத் தள்ளிப்போடவும், வெறும் கஞ்சியைத் தொண்டையில் இறக்கவும், பிள்ளைகளின் அழுகையைச் சற்று நிறுத்தவுமே அது உதவியது. பஞ்சத்தில் மனிதனைக் காப்பது மற்ற மனிதனின் கொடைதான். 17ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரையின் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி, நெல் கிடைக்காத காலத்திலும் வந்தோருக்கெல்லாம் சோறிட்டதைப் படிக்காசுப் புலவர் பாடிவைத்துள்ளார். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் ஆட்சியாளர்கள் அந்த வழியில் நடந்திருந்தால், தாது வருடத்தின் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

பினாங்கிலிருந்து பணம் வராத ஆண்டுகள்

தாது வருடத்தை நூல்களில் படித்தேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பசியை என் நன்னியிடம் கேட்டறிந்தேன்.

அந்நாளில் நம் பகுதி முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பு இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு ஆகிய ஊர்களிலிருந்து வரும் பணத்தில் எரிந்தது. நன்னியின் அத்தா பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். 1941 டிசம்பரில் பினாங்கும், 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச் 8இல் இரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. அன்றோடு கடிதமும் மணியார்டரும் நின்றன. சென்னை மாகாணம் பெரிதும் நம்பியிருந்த பர்மா அரிசியும் நின்றது. 1943 முதல் பங்கீட்டு முறை வந்தது. ஒரே நேரத்தில் வீட்டில் பணமும் கடையில் அரிசியும் இல்லாமல் போயின.

நன்னிக்கு அப்போது பன்னிரண்டு வயது. கீழே நான்கு பிள்ளைகள், கடைசித் தம்பிக்கு ஏழு வயதும் ஆகவில்லை. அத்தா உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாத நிலையில், அவர்களுடைய அம்மா யாரிடமும் கையேந்தவில்லை. விடிவதற்கு முன் இரண்டு பெரிய பிள்ளைகளை எழுப்பிக் கண்மாய்க் கரைக்கு அனுப்புவார்களாம். வெயில் ஏறுமுன் ஆவாரம்பூவைப் பறித்து முந்தானையில் கட்டி வரவேண்டும். காம்பையும் பச்சைப் பகுதியையும் கிள்ளி எறிந்துவிட்டு, இருமுறை அலசி, ஒரு கொதி விட்டுத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். துவர்ப்பு குறைவதற்காக அவ்வாறு செய்வது. பிறகு ஒரு கைப்பிடிப் பாசிப்பருப்பு, நான்கு சின்ன வெங்காயம், பூண்டு சேர்த்து மசித்தால் கூட்டு ஆகும். தேங்காய்ப்பூ கிடைத்த நாள் பெருநாள் என்பார் நன்னி.

1943ஆம் ஆண்டு ரமலான் செப்டம்பரில் வந்தது. அந்த ஆண்டு அவர்கள் வீட்டு நோன்புக் கஞ்சியில் அரிசியைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்ததாம். கேழ்வரகு மாவும் முருங்கைக் கீரையும் ஆவாரம்பூவும் சேர்ந்த அந்தக் கஞ்சியைக் குடித்து நோன்பு திறந்தார்கள். 'அதுக்கும் ஷுக்ர் செஞ்சோம்' என்று நன்னி சொல்லும்போது அவருடைய குரலில் வருத்தம் இருந்ததில்லை. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழும். பக்கத்துத் தெருவில் பூப்பறிக்கத் தெரியாத ஒரு பிள்ளை எதையோ தின்று இறந்துபோனதாம். எந்தப் பூ என்று அவருக்கே தெரியாது.

போர் 1945இல் முடிந்த பின்னரே பினாங்கிலிருந்து முதல் கடிதம் வந்தது. அத்தா உயிரோடு இருந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

இலைகளின் படை

பசிக்காகக் காட்டு இலையையும் பூவையும் உண்டதை இழிவாகக் கருதும் எண்ணம் நம்மில் சிலருக்கு உண்டு. வசதி வந்த பின் அந்த நினைவுகளைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்துவிடுகிறோம். இஸ்லாமிய வரலாறு அவற்றை மறைக்கவில்லை.

மக்கத்துக் குறைஷிகள் ஹாஷிம் குலத்தாரை ஒதுக்கிவைத்த ஆண்டுகளில், அபூதாலிப் பள்ளத்தாக்கில் அவர்கள் மரத்தின் இலைகளை உண்டு வாழ்ந்தனர். தங்களுக்கு முள்மரங்களின் இலைகளன்றி வேறு உணவில்லாத போர்ப் பயணங்களைப் பற்றி ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் வெளிப்படையாகவே நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

நம்மைப் போன்ற கடற்கரை மக்களுக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரி, முஸ்லிம் நூல்களில் வருகிறது. அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் முந்நூறு பேர் கடற்கரைப் பகுதிக்கு அனுப்பப்பட்டனர். பேரீச்சம்பழம் குறைந்து, கடைசியில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பழம் என்றாகி, பின் அதுவும் தீர்ந்தது. தடிகளால் மரங்களை அடித்து இலைகளை உதிர்த்து, நீரில் நனைத்து உண்டார்கள். அவ்வாறு உதிர்க்கப்படும் இலைக்கு 'கபத்' என்று பெயர். அதனால் அப்படைக்கே 'ஜைஷுல் கபத்', அதாவது இலைகளின் படை என்ற பெயர் நிலைத்தது. பிறகு அம்பர் எனப்படும் மாபெரும் மீன் கரையில் ஒதுங்கக் கண்டு, பல நாள் அதை உண்டு வலுப்பெற்றார்கள். மதீனா திரும்பியதும் நபி (ஸல்) அவர்கள் அதனை அல்லாஹ் அளித்த ரிஸ்க் என்று கூறியதோடு, மீதமிருந்தால் தமக்கும் தருமாறு கேட்டு உண்டார்கள்.

இலை தின்ற நாள்களை அந்தத் தோழர்கள் வெட்கத்துடன் மறைத்திருந்தால் இச்செய்தி நமக்குக் கிடைத்திருக்காது.

யாருடைய பூ?

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நபிமொழியின் கருத்து. மனிதர் பயிரிடாமல் பொது நிலத்தில் தானே முளைப்பதை யாரும் தடுத்து வைக்கலாகாது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் இதிலிருந்து விளக்கியுள்ளனர். கண்மாய்க் கரை ஆவாரம்பூ பறிப்பவருக்கு உரியது. அடுத்தவர் தோட்டத்துப் பூவுக்கு அவருடைய அனுமதி வேண்டும். பறிக்கும்போது செடியை முறிப்பதும், தேவைக்கு மேல் பறித்து வாடவிடுவதும் வீண்விரயம்.

நவீன ஆட்சி இந்தப் பொதுவுரிமையை வேறுவிதமாகப் பார்த்தது. 1882இன் சென்னை வனச் சட்டம் காடுகளில் மக்கள் காலங்காலமாகச் சேகரித்துவந்தவற்றுக்கு எல்லை வகுத்தது. பம்பாய் மாகாணத்தில் 1892இல் இலுப்பைப் பூவையே கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அப்பூவிலிருந்து மக்கள் தாமே சாராயம் காய்ச்சினால் அரசின் கலால் வருமானம் குறையும் என்பதே அதன் பின்னணி. குடியை ஒழிக்கும் நோக்கம் அதில் இல்லை. ஏழையின் உணவாகவும் இருந்த பூ, அரசுக் கருவூலத்தின் பெயரால் தடைப்பட்டது.

நம் மார்க்கம் இதே பூவை எப்படிப் பார்க்கிறது? பூ ஹலால், அது புளித்துப் போதையூட்டும் நிலையை அடைந்தால் ஹராம். நம் சீமையின் பனையும் அதற்குச் சான்று. பனையின் பூம்பாளையைச் சீவி வடிக்கும் சாற்றை, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர். சுண்ணாம்பு இல்லாமல் விட்டால் சில மணி நேரத்தில் கள். நபி (ஸல்) அவர்களுக்காகப் பேரீச்சம்பழமோ உலர்திராட்சையோ நீரில் ஊறவைக்கப்படும், மூன்றாம் நாளுக்கு மேல் எஞ்சியதை அவர்கள் அருந்தமாட்டார்கள் என்று ஹதீஸில் வருகிறது. எல்லை எங்கே என்பதை அறிந்தவர்களுக்கு உணவு விரிந்து கிடக்கிறது.

இதே எல்லை நஞ்சுக்கும் பொருந்தும். உயிருக்கோ அறிவுக்கோ கேடு தருவது தாவரமானாலும் ஹராமே. அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, எருக்கு, செங்காந்தள் ஆகியவை கண்ணுக்கு அழகாக நம் வேலியோரங்களிலேயே இருக்கின்றன. ஆவாரம்பூ ஐந்து இதழ்கள் விரிந்து, நடுவில் மகரந்தக் காம்புகள் நீண்டு, கொத்தாகப் பூக்கும். மஞ்சள் அரளி மணிபோல் குவிந்து, காம்பைக் கிள்ளினால் பால் வடியும். இந்த ஒரு அடையாளத்தையேனும் இன்றிரவே பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். உறுதியாகத் தெரியாத எந்தப் பூவையும் உண்ண வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்காமல் ஆவாரம்பூக் கஷாயத்தை வழக்கமாக்க வேண்டாம்.

செடியும் போகிறது, அறிவும் போகிறது

ஆவாரைக்கும் நம் சமுதாயத்துக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் தோல் பதனிடும் தொழில் பெரிதும் ஆவாரம்பட்டையை நம்பியிருந்தது. அத்தொழிலில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பெரும்பங்கு வகித்தார்கள். வறண்ட சீமையின் செடி ஒன்று ஏழைக்குக் கூட்டாகவும் வணிகருக்குச் சரக்காகவும் இருந்தது.

தாது வருடப் பஞ்சம் நடந்துகொண்டிருந்த அதே 1870களில்தான், விறகுக்காகச் சீமைக் கருவேல மரம் சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னாளில் அது இராமநாதபுரம் மாவட்டத்தையே மூடியது. ஆவாரையும் மற்றச் செடிகளும் நின்ற கண்மாய்க் கரைகளும் தரிசுகளும் இன்று முள்ளாகக் கிடக்கின்றன. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைகளுக்கு அம்மரம் வருமானம் தருவதை மறுக்க முடியாது. ஆனாலும் நீர்நிலைகளுக்கு அது செய்த கேட்டினால், 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட வேண்டியிருந்தது.

என் நன்னி மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவரிடம் நான் கேட்காமல் விட்ட கேள்விகள் நிறைய. எந்தக் கீரையை எத்தனை முறை வடிக்க வேண்டும், எந்தப் பூவை எந்த மாதத்தில் தொடக் கூடாது என்பனவெல்லாம் அவரோடு கபுருக்குப் போய்விட்டன. கிதாபுகளை ஓதுவதற்காக ஊர் ஊராகச் சென்றேன். வீட்டுத் திண்ணையில் இருந்த கல்வியைக் குறித்துவைக்கத் தோன்றவில்லை. என் மாணவனின் பையில் அரளிப் பூவைக் கண்ட அன்றுதான் அதன் விலை எனக்குப் புரிந்தது.

உங்கள் வீட்டில் எண்பதைக் கடந்த நன்னியோ பாட்டனாரோ இருந்தால், வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் பிள்ளைகளை அவர்களருகே அமரச் செய்யுங்கள். பஞ்ச காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். சொல்வதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நடக்க முடிந்தவராயின் கண்மாய்க் கரை வரை அழைத்துச் சென்று செடியை நேரில் காட்டச் சொல்லுங்கள். நாங்களும் மதரஸாவின் வேலியோரம் முள்ளை வெட்டிவிட்டுப் பத்து ஆவாரம் விதைகளை ஊன்றியிருக்கிறோம். ஆறு முளைத்துள்ளன. அந்த மாணவன்தான் தண்ணீர் ஊற்றுகிறான். ஒருவர் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழியை அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பசியோடு பொறுமை காத்த நம் முன்னோர்களின் பிழைகளை வல்ல ரஹ்மான் மன்னிப்பானாக. அவர்களுடைய அறிவை நம் பிள்ளைகளிடம் சேர்ப்பிக்கும் பாக்கியத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.